நீ யார் வீட்டுப் பொண்ணு?
உளவியல் ப்ராஜெக்டுக்காகக் கேள்வித்தாளோடு ஊருக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை பக்கத்திலிருந்து போய் உளவியல் படிக்கும் அன்புத் தம்பி தங்கைகளுக்கு,

இறுதிப் பருவம் நெருங்கிவிட்டது. உங்களில் பலர் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எந்த டாபிக் எடுத்தா சீக்கிரம் முடியும்?" அதற்கு விடை எல்லாருக்கும் தெரியும். கல்லூரி மாணவர்களின் செல்போன் பழக்கமும் தனிமை உணர்வும் என்று ஒரு தலைப்பு, ஒரு கூகுள் ஃபார்ம், நாலு வாட்ஸ்ஆப் குழு, முடிந்தது வேலை. மதிப்பெண்ணும் கெடாது. அந்த வழியில் போகிறவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. விடுதிக் கட்டணம், அரியர் பேப்பர், வீட்டுக் கவலை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் எல்லாரும் ப்ராஜெக்ட் செய்கிறோம்.

இந்த மடல் வேறு சிலருக்கு. கேள்வித்தாளைப் பையில் போட்டுக்கொண்டு திருத்தணியில் பஸ் மாறி ஊருக்கு வந்து, தறி செட்டிலும் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நிற்கிறவர்களிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று மனசுக்குள் ஓர் ஆசையும் கொஞ்சம் பயமும் வைத்திருக்கிறவர்களுக்கு. நான் அப்படித்தான் செய்தேன். விசைத்தறித் தொழிலாளர்களின் தூக்கம் பற்றியது என் ப்ராஜெக்ட். அதில் நான் தெரிந்துகொண்டது பாடப்புத்தகத்தின் ஆய்வு முறைகள் பகுதியில் பாதிதான் இருந்தது. மீதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆசையைப் பற்றி. 2010-ல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரன்சயான் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். உளவியலின் முக்கிய ஆய்விதழ்களில் வரும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை அது எடுத்துக்காட்டியது. அதிலும் பெரும்பகுதி கல்லூரி மாணவர்கள். 'மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்' என்று நாம் மனப்பாடம் செய்யும் வாக்கியங்களுக்குள் நம் அம்மாவோ பக்கத்துவீட்டுத் தறிக்காரரோ ஒருநாளும் இருந்ததில்லை. சென்னையில் விடுதித் தோழிகளுக்கு ஃபார்ம் அனுப்பினால் அந்த நிலைமை அப்படியே தொடரும்.

சின்ன ஊரில் கேட்டு எழுதினால் யாருக்கு என்ன பயன் என்று உங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் மக்கள் வாயில் உலவிய வதந்திகளைத் திரட்டினார். பக்கத்தில் நிலம் அதிர்ந்தது, ஆனால் வீடு இடியவில்லை, ஆள் சாகவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் ஆறுதல் பேச்சைவிட, இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சுதான் அதிகம் ஓடியது. 1935-ல் அவர் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு துர்கானந்த் சின்ஹா, டார்ஜிலிங் பக்கம் நிலச்சரிவில் உண்மையாகவே சேதத்தைக் கண்ட மக்களிடம் வதந்திகளைத் திரட்டி 1952-ல் வெளியிட்டார். அங்கே அப்படிப் பயமுறுத்தும் பேச்சு பரவவில்லை. அமெரிக்காவில் லியான் ஃபெஸ்டிங்கர் இந்த வேறுபாட்டில் சிக்கிக்கொண்டார். கண்முன் ஆபத்து எதுவுமில்லாமல் பயம் மட்டும் இருக்கும்போது, அந்தப் பயத்துக்குப் பொருத்தமான காரணத்தை மனசு தேடிக்கொள்கிறதோ? அவருடைய 1957-ஆம் ஆண்டுப் புத்தகம், நாம் முதல் ஆண்டிலேயே படிக்கும் அறிவாற்றல் முரண்பாட்டுக் கோட்பாடு, அந்தக் கேள்வியிலிருந்து முளைத்தது. பீகாரில் யாரோ ஒருவர் ஜனங்கள் பேசியதைக் கேட்டு எழுதிவைத்ததுதான் அதற்கு விதை. நமக்கு நடத்தும்போது ஃபெஸ்டிங்கர் பெயரைச் சொல்கிறார்கள், பிரசாத்தின் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

மழைக்காலத்தில் ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்து கொசஸ்தலையில் தண்ணீர் ஏறும்போது நம்மூர் வாட்ஸ்ஆப் குழுக்களில் என்னென்ன பேச்சு கிளம்புகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆற்றை ஒட்டிய தெருக்காரர்கள் ஒரு விதமாகவும், மேட்டுத்தெருக்காரர்கள் வேறு விதமாகவும் பேசுகிறார்களா? யாராவது எடுத்துச் செய்யுங்கள். தலைப்பு இலவசம்.

ஆசை போதும், இனி பயம். ஊரில் ஆய்வு செய்வதில் உண்மையான சிக்கல் புள்ளியியலில் இல்லை. தறி செட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நம்மிடம் ஒரு கேள்வி வரும்: "நீ யார் வீட்டுப் பொண்ணு?" பலர் வீட்டில் தெலுங்கு என்பதால் "எவரி அம்மாயி நுவ்வு?" என்றும் வரும். அப்பா பெயரைச் சொன்னதும் முகம் மலரும், டீ வரும், "நம்ம பொண்ணு கேக்குது, சொல்லுங்கடா" என்று ஒருவர் மற்றவர்களைக் கூப்பிடுவார். நமக்கும் சந்தோஷமாக இருக்கும். அந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் 'என் விருப்பத்தின் பேரில் பங்கேற்கிறேன், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று அச்சடித்திருக்கிறோம். ஆனால் தெரிந்தவர் மகளிடம் "வேண்டாம்மா, எனக்கு இஷ்டமில்லை" என்று நம்மூரில் யார் சொல்வார்கள்? நகரத்தில் முன்பின் தெரியாத ஆள் கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடலாம். இங்கே மறுப்பது மரியாதைக் குறைவு. ஆக, கையெழுத்து வாங்கியதாலேயே சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. முதல் நாள் என்ன ஆய்வு என்று சொல்லிவிட்டு, தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். விருப்பமுள்ளவர்கள் மறுநாள் அவர்களாகவே நேரம் சொல்லட்டும். நேரம் சொல்லாதவர்களிடம் திரும்பக் கேட்காதீர்கள், வீட்டிலும் சொல்லாதீர்கள். 'அவங்க ஏன் பேசலை?' என்று உங்கள் அம்மா கேட்டால்கூட. இப்படிச் செய்தால் ஆள் எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

முதலாளி விஷயம் இன்னும் நுட்பமானது. செட்டுக்குள் போக அவர் அனுமதி வேண்டும், அது நியாயம். ஆனால் அவர் அனுமதி என்பது வாசல் திறப்பதற்கு மட்டும். தொழிலாளி பேசுவதா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. முன்பணம் வாங்கியிருக்கும் தொழிலாளிக்கு அவர் எதிரில் "வேலை எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. செட்டுக்குள் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு இதுவே போதும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது என்பது தனி. ஷிப்டு முடிந்து அவர்கள் முகம் கழுவி உட்காரும் இடத்துக்குப் போங்கள்.

அளவுகோலுக்கு வருகிறேன். நான் எடுத்தது பிட்ஸ்பர்க் தூக்கத்தர அட்டவணை. 1989-ல் பைஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது, உலகம் முழுக்கப் புழங்குவது. அனுமதி வாங்கிப் பயன்படுத்த வேண்டியது. இணையத்தில் கிடைக்கும் அளவுகோல்கள் எல்லாம் பொதுச்சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் எதனால் தூக்கம் கெட்டது என்று அதில் ஒரு வரிசை வரும்: பாதியில் விழிப்பது, சிறுநீர் கழிக்க எழுவது, மூச்சுத்திணறல், இருமல் அல்லது குறட்டை, குளிர், புழுக்கம், கெட்ட கனவு, வலி. கடைசியில் 'வேறு காரணங்கள்'. நம்மூரில் பல வீடுகளில் தறி அடுத்த அறையிலேயே ஓடுகிறது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் ஓட்டுகிறார். அந்த இரைச்சல், கரண்ட் போனதும் திடீரென்று விழும் அமைதியில் ஏற்படும் விழிப்பு, பாவு பிணைக்க ஆள் வந்து கதவைத் தட்டுவது, எல்லாம் போய்ச் சேர்ந்தது அந்தக் கடைசி வரியில். அளவுகோலைச் செய்தவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் தறி வீட்டைப் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த வரியில் வந்ததையெல்லாம் சொன்னபடியே எழுதிவைத்தேன். மதிப்பெண் கூட்டும்போது அதற்கு அதிக இடமில்லை. என் அறிக்கையில் படிக்கத் தகுந்த பகுதி எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'மிக அடிக்கடி' வரை கட்டங்கள் போட்டுக் கேட்கும் பழக்கத்துக்கு ரென்சிஸ் லைக்கர்ட் 1932-ல் வழி காட்டினார். நம் ஆட்கள் கட்டத்தில் பதில் சொல்ல மாட்டார்கள். "அது போன தீபாவளி வரைக்கும் நல்லாத்தான் தூங்கினேன், அப்புறம் சின்னவனுக்கு உடம்பு சரியில்லாம..." என்று கதையாகத்தான் வரும். கதையை இடையில் நிறுத்தி "அப்போ 'சில நேரங்களில்'னு போட்டுக்கவா?" என்று கேட்கக் கை துடிக்கும். பொறுங்கள். கதை முடிந்தபின் அவரையே ஒரு கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்த ஊர் இது. 1960 ஏப்ரல் 1 வரை நாம் இருந்தது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில். தமிழ்த் தாளை வாசித்துக் காட்டி, கேள்வியை அவர்கள் சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்லவைத்து நாலைந்து பேரிடம் முன்னோட்டம் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். 'கடந்த ஒரு மாதத்தில்' என்று தொடங்கும் கேள்விகளை, ஆற்றில் வெள்ளம் போய்த் தரைப்பாலம் மூழ்கியிருந்த மாதத்துக்குப் பிறகு கேட்டால் வெள்ளத்தைத்தான் அளப்பீர்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த வாரத்தில் கேட்டால் பதில் வேறு. ஆர்டர் இல்லாமல் தறி நின்ற மாதத்தில் தூக்கம் நன்றாக வரலாம், கவலையில் வராமலும் போகலாம். தேதியைத் தாளின் மூலையில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஊரில் அந்த வாரம் என்ன நடந்தது என்பதையும்.

இனி எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பது பெருநகரத்துக்காரர்களின் நம்பிக்கை. 'பங்கேற்பாளர் 17, பெண், 43 வயது, கணவர் இல்லை, நாலு தறி ஓட்டுகிறார், மகள் நர்சிங் படிக்கிறார்' என்று எழுதினால் சென்னையில் யாருக்கும் எதுவும் புரியாது. பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் வாசித்துக் காட்டுங்கள், மூன்றாவது ஆள் பெயரைச் சொல்லிவிடுவார். உங்கள் அறிக்கையை ஊரில் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ப்ராஜெக்ட் புத்தகத்தை அப்பா எல்லாருக்கும் காட்டுவார், தங்க எழுத்தில் அட்டை போட்டிருக்கிறீர்களே. வயதை ஐந்தைந்தாகத் தொகுத்துப் போடுங்கள். தெருப்பெயர், தறி எண்ணிக்கை, குடும்ப விவரம் மூன்றும் ஒரே வரியில் சேர வேண்டாம். மேற்கோள் காட்டும்போது அடையாளம் காட்டும் சொல்லைத் துணிந்து வெட்டுங்கள். பழக்கதோஷத்தில் படிவத்தில் 'சமூகம்' என்று ஒரு கட்டம் போட்டிருப்பீர்கள். அதை எந்தக் கணக்கில் சேர்க்கப் போகிறீர்கள்? சேர்க்கவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் அந்த ஒரு கட்டமே பாதி வீடுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கேட்பதாக இருந்தால், 2017-இன் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகள்படி பெற்றோர் ஒப்புதல் வேண்டும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தலைமையாசிரியர் ஒருவரே வகுப்புக்கு மொத்தமாகத் தலையசைத்தால் போதாது.

கணக்கு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழுவுக்கு 30 பேர் என்பது நம் கல்லூரிகளில் பரம்பரை வழக்கம். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வேறுபாடு உண்மையாகவே இருந்து, அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் தேவை. 30 பேரை வைத்துக்கொண்டால் கண்டுபிடிப்பீர்களா மாட்டீர்களா என்பது காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கணக்கை ஐந்து நிமிடத்தில் போடலாம். பகுப்பாய்வுக்கு ஜமோவி, ஜாஸ்ப் இருக்கின்றன, அவையும் இலவசம். பக்கத்து அறை அண்ணன் தரும் திருட்டு எஸ்.பி.எஸ்.எஸ். பென்டிரைவை வாங்காதீர்கள். வைரஸ் உங்களுக்கு, வைவா நேரத்தில்.

என்ன கேள்வி, எந்தச் சோதனை, யாரை நீக்குவீர்கள் என்பதை ஆள் சேர்க்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி, வழிகாட்டியிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். 2011-ல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் இதற்கு ஒரு குறும்பு செய்து காட்டினார்கள். அளவு எடுத்தபின் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று ஆய்வாளர் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுத்தால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்முடிவின் வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டும் என்று கணக்கில் நிறுவினார்கள். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களின் வயதே குறைந்துவிட்டது என்று 'நிரூபித்தும்' காட்டினார்கள். விடுதி அறையில் உட்கார்ந்து ஐம்பது ஃபார்மை மூன்று பேனாவால் நிரப்புவது பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. யார் யார் செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பிரவுசிங் சென்டரில் விலைக்குக் கிடைக்கும் ரெடிமேட் ப்ராஜெக்டும் அப்படித்தான்.

எனக்கு என்ன முடிவு வந்தது? இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்கும் பகல் ஷிப்டு பார்ப்பவர்களுக்கும் தூக்கத்தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. "ஒண்ணும் வரலையா?" என்று கேட்பார்கள், உங்களுக்கும் அப்படி வந்தால். தலை குனியாதீர்கள். 2015-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து உளவியலின் 100 வெளியான ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். முதலில் ஏறக்குறைய எல்லாமே 'முடிவு வந்த' ஆய்வுகள். மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான் அது வந்தது. வேறுபாடு வராத ஆய்வுகள் மேசை இழுப்பறையில் உறங்கிவிடுவதால் துறையே ஏமாறுகிறது என்று ராபர்ட் ரோசென்தால் 1979-லேயே எச்சரித்திருந்தார்.

அதற்கும் மேலே, வேறுபாடு வராததற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். அதைச் சொன்னவர் ஒரு தறிக்காரர்தான்: "நைட்டு தாங்காதவன் எல்லாம் எப்பவோ தறிய விட்டுட்டுக் கம்பெனி பஸ்ல ஸ்ரீபெரும்புதூர் போயிட்டாம்மா. தாங்கறவன்தான் இங்க இருக்கான்." தொழில் நலத்துறையில் இதற்கு 'ஆரோக்கியத் தொழிலாளி விளைவு' என்று பெயர். வேலையில் இன்னும் நிற்பவர்களை மட்டும் அளந்தால் வேலையின் தீங்கு மறைந்துபோகும். அது என் புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் வாய்தா மாதிரி மூன்றாம் ஆண்டுவரை தள்ளிப்போட்ட பாடம். அவர் வாயால் கேட்டபிறகு மறக்கவேயில்லை. அடுத்து யாராவது இந்தத் தலைப்பை எடுத்தால் தறியை விட்டுப் போனவர்களையும் தேடிப் பிடியுங்கள்.

'நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்பவர்களுக்கு ஒரு பதில் திருத்தணியிலேயே இருக்கிறது. 1888-ல் அங்கே பிறந்த ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது ஆசைப்பட்டு அல்ல. அவர் படித்த கல்லூரியிலேயே படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் பாடப்புத்தகங்களைக் கொடுத்தார், செலவு மிச்சம் என்று அதையே படித்தார். சென்னை கிறித்துவக் கல்லூரியில் முதுகலைக்காக வேதாந்தத்தின் அறவியல் பற்றி அவர் எழுதிய மாணவ ஆய்வேடு 1908-ல் புத்தகமாகவே வந்தது. வயது இருபது. 1912-ல் அவர் எழுதி வெளிவந்த இன்னொரு சிறு நூல் என்ன தெரியுமா? உளவியலின் அடிப்படைகள். குடியரசுத் தலைவர் படத்தை மாட்டியிருக்கும் நம் பள்ளிகளில் ஒன்றிலாவது இதைச் சொல்லியிருக்கலாம். கட்-ஆஃப் குறைந்ததால் உளவியலில் விழுந்தேன் என்று வருந்துகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

கேள்வி கேட்கும்போது யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 தாளில் ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. அதில் ஒருவர் குறி போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் போக முடியாது. வழிகாட்டியிடம் அன்றே சொல்லவேண்டும், அழைத்துப்போக ஓர் இடம் தெரிந்திருக்கவேண்டும், இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் எண் 14416 சட்டைப்பையில் இருக்கவேண்டும். இதற்குத் தயாராக இல்லையென்றால் அந்த அளவுகோலை எடுக்காதீர்கள். நீங்கள் ஆலோசகர் அல்ல, மூன்றாம் ஆண்டு மாணவர். அதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

வைவா முடிந்ததும் எல்லாரும் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னவர்களுக்கு என்ன தெரியவந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கத் தாளில், பெரிய எழுத்தில், தனி ஆளைச் சுட்டாமல் எழுதி எடுத்துப்போங்கள். நான் போனபோது ஒரு பெரியவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாங்க சொன்னதையே எங்களுக்குச் சொல்றியே, இதுக்கா காலேஜு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரே, இரைச்சலைக் குறைக்க ஏதாவது வழி எழுதியிருக்கிறாயா என்று கேட்டார். என்னிடம் அதற்கு விடை இல்லை. அந்தக் கேள்வி உங்களில் ஒருவருக்கு ப்ராஜெக்டாக ஆகலாம், பொறியியல் படிக்கும் நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உங்கள் ஒரு பக்கத் திட்டத்தைக் கொண்டுவாருங்கள். வார இறுதிகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். கேள்வியின் அகலத்தைக் குறைப்பதற்காக உங்களோடு சண்டை போடுவேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே பஸ்ஸில் போய்வந்த ஒரு பள்ளிப்பட்டு அக்கா